பல்கலைக்கழக ஆய்வேட்டு அடுக்கில் ஆறு நாள்

எங்கள் வட்டத்துக் கண்மாய்களை ஊரார் எவ்வாறு பேணி வந்தார்கள், ஊரார் தாமே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற வழக்கம் எந்தக் கட்டத்தில் தேய்ந்து போனது என்பதைப் பற்றிச் சில ஆண்டுகளாகத் தகவல் திரட்டி வருகிறேன். மாவட்ட விவரச் சுவடிகளையும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள வருவாய்த் துறைக் கோப்புகளையும் இயன்றவரை பார்த்துவிட்டேன். அவற்றிலிருந்து கண்மாயின் பரப்பு தெரிகிறது, அதனால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டு தெரிகிறது, மராமத்துக்கு அரசு ஒதுக்கிய தொகைகூடத் தெரிகிறது. ஆனால் மடையைத் திறந்து மூடியவர் யார், அறுவடைக் களத்தில் அவருக்கு எத்தனை மரக்கால் நெல் அளந்தார்கள், அந்த ஏற்பாடு எந்தத் தலைமுறையோடு நின்றது என்ற கேள்விகளுக்கு அங்கெல்லாம் விடை இல்லை. அந்த விடையைத் தேடித்தான் தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் மைய நூலகத்தில் இயங்கும் ஆய்வேட்டுப் பிரிவுக்கு ஆறு நாள் தொடர்ந்து சென்றேன். அந்தப் பிரிவின் தொகுப்பையும் சேவையையும் பற்றிய மதிப்பீடு இது. பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே சொல்லும் நிறைகளும் குறைகளும் இதே வகையான பிற நூலகங்களுக்குச் செல்பவர்களுக்கும் உதவ வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆய்வேட்டுப் பிரிவு இரண்டாம் மாடியில், பருவ இதழ் அறைக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று வகைத் தொகுப்புகள் அங்கே உள்ளன. முதலாவது, முனைவர் பட்டத்துக்கும் ஆய்வியல் நிறைஞர் (எம்.ஃபில்) பட்டத்துக்கும் மாணவர்கள் அளித்த ஆய்வேடுகள். தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகிய மூன்று துறைகளின் ஏடுகளே அறையின் பெரும்பகுதியை நிறைத்திருக்கின்றன. இரண்டாவது, இணைவு பெற்ற கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட்ட மலர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகள். மூன்றாவது, ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் சிலர் நன்கொடையாகத் தந்த சொந்த நூல்கள். இவற்றில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் மின்வருடி (ஸ்கேன் செய்து), தன் இணைய வாயிலில் ஏற்றியும் இருக்கிறது.

வெளி வாசகருக்கு அனுமதி கிடைப்பதில் சிரமம் எதுவும் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். நூலகருக்கு முகவரியிட்ட ஒரு வேண்டுகோள் கடிதமும் அடையாள அட்டையின் நகலும் நாளொன்றுக்கு 50 ரூபாயும் போதும். எந்தத் துறையைச் சேர்ந்தவர், எந்த நெறியாளரிடம் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. பட்டத்துக்காக அல்லாமல் தன் ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள வருகிற ஒருவரையும் ஆய்வாளராகவே நடத்துகிறார்கள். இதற்காகவே இந்தப் பிரிவை மனமாரப் பாராட்டுகிறேன்.

அட்டவணை மட்டும் முதல் நாளிலேயே என்னைச் சோர்வடையச் செய்தது. கணினியில் எங்கள் ஊர்ப் பெயரை இட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. வட்டத் தலைநகரின் பெயரை இட்டேன். கோயில் வரலாறு ஒன்று மட்டும் வந்தது. ‘கண்மாய்’ என்று இட்டபோதும் வெறும் திரைதான். அடுக்குகளுக்கு நடுவே தூசு தட்டிக்கொண்டிருந்த நூலக உதவியாளர் அம்மையார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஊர் பேரைப் போட்டா வராது சார். எந்தத் துறை, ஏறக்குறைய எந்த வருஷம்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தரேன்” என்றார். வரலாற்றுத் துறை, எண்பதுகள் என்றேன். கால் மணி நேரத்தில் ஏழு ஏடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவற்றில் மூன்று எங்கள் வட்டத்தைப் பற்றியவை. ஒன்று எங்கள் ஊருக்கு அடுத்த ஊரைப் பற்றியது. அவ்வளவும் கணினிக்குத் தெரியாமல் அந்த ஒருவரின் நினைவில் மட்டுமே இருந்தன.

காரணம் எளிது. ஆய்வேட்டின் தலைப்பு, மாணவர் பெயர், நெறியாளர் பெயர், துறை, ஆண்டு ஆகிய ஐந்து விவரங்களை மட்டுமே அட்டவணையில் பதிந்திருக்கிறார்கள். தலைப்புகளோ பெரும்பாலும் ‘கிராமப்புற நீர்ப்பாசன முறைகள் – ஓர் ஆய்வு’ என்ற வகையில் பொதுவானவை. எந்தக் கிராமம் என்பது உள்ளே, முன்னுரையின் மூன்றாவது பக்கத்தில், ‘ஆய்வெல்லை’ என்ற சிறுதலைப்பின் கீழ் இருக்கும். அந்த ஒரு சொல்லை அட்டவணையில் சேர்த்திருந்தால் என் முதல் நாள் வீணாகியிருக்காது. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931இல் வகுத்தளித்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நாற்பது ஆண்டுகளாக ஒரு வாசகருக்காகக் காத்திருக்கும் ஏடு அடுக்கில் இருக்கிறது, அதைத் தேடி வந்த வாசகர் கணினி முன் அமர்ந்திருக்கிறார், இருவருக்கும் நடுவே ஓர் ஊர்ப் பெயர் விடுபட்டிருக்கிறது. அந்த அம்மையார் ஓய்வு பெறும் நாளில் இந்தத் தொகுப்பின் பாதியளவு பயன் அவரோடு போய்விடும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

அடுத்த ஊரைப் பற்றிய அந்த ஏட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்தத் தொகுப்பின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அதுதான் எனக்குக் காட்டியது. 1987இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக அளிக்கப்பட்ட 114 பக்க ஏடு; தட்டச்சுப் பொறியில் அடித்தது; பச்சைத் துணி அட்டை, முதுகில் பொன்னெழுத்து பாதி உதிர்ந்திருக்கிறது. முதல் இயல் பாண்டியர் வரலாற்றின் சுருக்கம். எல்லோரும் எடுத்தாளும் நூல்களிலிருந்து எடுத்தெழுதியது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் இயல் ஊரின் அமைவிடம், மழையளவு, மக்கள்தொகை. மூன்றாம் இயலில்தான் எழுத்து உயிர் பெறுகிறது. மாணவர் அந்த ஊர்க்காரர் என்பது அங்கே தெரிந்துவிடுகிறது. முறைப்பாய்ச்சலின்போது பகலில் ஆள் நிழலை அடியால் அளந்தும் இரவில் விண்மீன்களைப் பார்த்தும் தண்ணீரை அடுத்த வயலுக்கு மாற்றினார்கள் என்று எழுதுகிறார். கல்வெட்டு ஒன்றின் வாசகத்தைத் தரும் இடத்தில் மா, காணி, முந்திரி ஆகியவற்றின் குறியீடுகள் தட்டச்சுப் பொறியில் இல்லாததால் அவற்றைக் கறுப்பு மையால் கையில் வரைந்திருக்கிறார். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்று அடிக்குறிப்பில் விளக்கமும் இருக்கிறது. மை சற்றும் மங்கவில்லை.

ஆனால் நான் தேடி வந்தது அந்த இயல்களில் இல்லை. துணைநூற்பட்டியலுக்குப் பின்னால், யாரும் புரட்டாத பின்னிணைப்புகளில் இருந்தது. முதல் பின்னிணைப்பு தகவலாளர் பட்டியல். 11 பேர், ஒவ்வொருவருக்கும் வயது, தொழில், கல்வி, சந்தித்த நாள். அவர்களில் ஒருவருக்கு வயது 71, தொழில் என்ற இடத்தில் ‘முன்பு நீர்பாய்ச்சி, இப்போது கூலி’ என்று இருக்கிறது. மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் விடுபவரே நீர்பாய்ச்சி. இரண்டாவது பின்னிணைப்பு மடை திறக்கும் நாளில் பாடும் பாட்டு, இரண்டு வடிவங்களில். மூன்றாவது, மெழுகுத்தாளில் கையால் வரைந்து நான்காக மடித்து ஒட்டிய கண்மாய் வரைபடம். வரத்துக்கால், உள்வாய், மிகைநீர் வெளியேறும் கலிங்கு, மூன்று மடைகள் எல்லாம் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மடைக்கும் அருகில் எத்தனை மரக்கால் என்ற எண் இருக்கிறது. கடைமடைக்குப் பக்கத்தில் மட்டும் எண் இல்லை. பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த மடைக்காரர்கள் கிணற்றில் மோட்டார் வைத்த பிறகு நெல் அளப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று தகவலாளர் சொன்னார். எழும்பூரில் நாட்கணக்கில் தேடியும் கிடைக்காத விடை ஒரு வரியில் அங்கே கிடந்தது. குடிமராமத்து தேய்ந்ததற்கு அரசின் கொள்கை, ஜமீன் ஒழிப்பு என்று பெரிய காரணங்களையே அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைமடையில் தொடங்கி மேலேறிய ஒரு சின்ன முறிவைப் பற்றி எனக்குத் தோன்றியதே இல்லை.

மாணவர்களின் ஊர் அறிவைப் பல்கலைக்கழகம் மதித்துப் பயன்படுத்திய முன்னுதாரணம் நமக்குப் புதிதும் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், 1916 முதல் தம் மாணவர்களிடம் வினாநிரலைக் கொடுத்து அவரவர் ஊரைப் பற்றித் தகவல் திரட்டி வரச் செய்தார். தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் அறிக்கைகள் 1918இல் நூலாக வந்தன. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். இருவேல்பட்டுக்கு அதன் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றிருக்கிறார்கள். நூறு ஆண்டுக் காலத்தில் ஒரு தமிழ்க் கிராமம் எப்படி மாறியது என்று இன்று சான்றோடு பேச முடிகிறதென்றால், விடுமுறைக்கு ஊர் திரும்பிய மாணவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களே அதற்கு அடித்தளம். அந்தத் தாள்களை ஒருவர் அச்சேற்றினார். நான் பார்த்த அறையில் உள்ள ஏடுகளை யாரும் அச்சேற்றவில்லை. வேறுபாடு அவ்வளவுதான்.

அதனால்தான் இணைய வாயிலைத் திறந்து பார்த்தபோது எனக்கு வருத்தம் மிகுந்தது. அதே 1987ஆம் ஆண்டு ஏடு அங்கேயும் இருக்கிறது. தலைப்புப் பக்கம், நெறியாளர் சான்றிதழ், நன்றியுரை, இயல்கள் எல்லாம் தெளிவாகவே வருடப்பட்டிருக்கின்றன. 98ஆம் பக்கத்தில், துணைநூற்பட்டியலோடு கோப்பு முடிந்துவிடுகிறது. பின்னிணைப்புகளின் 16 பக்கங்கள் இல்லை. மடித்த வரைபடமும் இல்லை. முதலில் ஏதோ தவறுதலாக விடுபட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மேசையில் இருந்த மற்ற ஏடுகளையும் வாயிலில் உள்ள கோப்புகளோடு ஒப்பிட்டேன். அவற்றில் பலவற்றுக்கும் இதே கதி. பொறுப்பாளரிடம் கேட்டேன். மின்வருடும் பணியை வெளியாரிடம் பக்கக் கணக்கில் ஒப்படைத்ததாகவும், செலவைக் கட்டுக்குள் வைக்க இயல்களும் துணைநூற்பட்டியலும் போதும் என்று அப்போது முடிவெடுத்ததாகவும் சொன்னார். மறைக்காமல் சொன்ன அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் முடிவு தலைகீழானது. பாண்டியர் வரலாற்றுச் சுருக்கம் நூறு நூல்களில் கிடைக்கும். நீர்பாய்ச்சியின் வாய்மொழி அந்தப் 16 பக்கங்களில் மட்டுமே உண்டு. அவருக்கு 1987இல் வயது 71. இனி யாரும் போய் அவரிடம் கேட்க முடியாது.

பின்னிணைப்புகளை இணையத்தில் அப்படியே ஏற்றிவிடுவதிலும் தயங்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. தகவலாளர் பட்டியலில் பெயர், தெரு, சாதி எல்லாம் இருக்கின்றன. அவர்களில் எவரும் தம் பெயர் உலகெங்கும் தெரியும்படி வரும் என்று நினைத்துப் பேசியவர்கள் அல்லர். பெயரையும் தெருவையும் மறைத்துவிட்டு மற்றதை ஏற்றலாம். முழுப் பட்டியலை நூலகத்தில் நேரில் பார்க்க மட்டும் அனுமதிக்கலாம். பாட்டுக்கும் வரைபடத்துக்கும் அந்தத் தடைகூட இல்லை. ஏட்டை எழுதிய மாணவர்களில் பெரும்பாலோர் இன்று ஐம்பது, அறுபது வயதில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருப்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிப்பதால் அவர்களிடம் ஒரு கடிதம் எழுதி இசைவு கேட்பதே முறை. தங்கள் பழைய ஏட்டை ஒருவர் தேடுகிறார் என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு இசைவார்கள் என்றே நம்புகிறேன்.

இன்னொரு தொல்லை எழுத்துருவைச் சார்ந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 2010 வரை கணினியில் தட்டச்சான ஏடுகள் அன்று புழக்கத்தில் இருந்த பல்வேறு தனி எழுத்துருக்களில் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு தட்டச்சகமும் தன்னிடம் இருந்த எழுத்துருவைப் பயன்படுத்தியது. மாணவர்கள் குறுவட்டில் கொடுத்த அந்தக் கோப்புகளை அப்படியே வாயிலில் ஏற்றியிருக்கிறார்கள். கண்ணால் படிக்கத் தடையில்லை. ஆனால் ஒரு சொல்லை இட்டுத் தேடினால் கிடைக்காது, ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். 1987ஆம் ஆண்டின் தட்டச்சு ஏடும் 2004ஆம் ஆண்டின் கணினி ஏடும் தேடலைப் பொறுத்தவரை ஒரே நிலையில்தான் இருக்கின்றன. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கும் இந்நாளில் இதைச் சரிசெய்வது பெரிய செலவு பிடிக்கும் வேலை அல்ல.

இந்த இடத்தில் சோத்கங்காவைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின் பயனாக, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் அந்தக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலட்சக்கணக்கில் சேர்ந்திருக்கின்றன. தமிழ் ஆய்வேடுகளும் ஏராளம். எந்த ஊரில் இருந்தாலும், கட்டணமோ பதிவோ இல்லாமல், இயல் இயலாகத் தரவிறக்கிப் படிக்கலாம். பட்டப்படிப்பு முடிந்து நூலக அட்டையை இழந்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு அது பெரும் கொடை. ஆனால் அதன் பெரும்பகுதி முனைவர் பட்ட ஏடுகளே. ஓர் ஊரை, ஒரு கண்மாயை, ஒரு திருவிழாவை எடுத்துக்கொண்டு ஓராண்டில் எழுதி முடித்த ஆய்வியல் நிறைஞர் ஏடுகளைத் தேடுபவர் இன்றும் இது போன்ற ஓர் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறையோடு அந்தப் பட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அந்த அடுக்குகள் இனி வளரப் போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவது மட்டுமே மிச்சம். துறைகளில் இருந்த இரண்டாம் படிகள் பல, அறை மாற்றங்களின்போது கழிக்கப்பட்டுவிட்டன என்று அங்கே கேள்விப்பட்டேன். அப்படியானால் நூலகத்தில் உள்ள ஒற்றைப் படியே கடைசிப் படி.

தமிழ் இலக்கிய ஆய்வேடுகளில் இரண்டு நாள் செலவிட்டேன். அவற்றைப் பற்றி என் கருத்து கலப்பானது. நமது பல்கலைக்கழகங்களில் தொடக்க கால இலக்கிய ஆய்வேடுகள் பல ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை, மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை குறித்து எழுதியதும் ஆங்கிலத்தில்தான். பிறகு தமிழிலேயே எழுதும் உரிமை வந்தது, எண்ணிக்கையும் பெருகியது. எண்ணிக்கையோடு ஒரே வாய்பாடும் வந்தது. ஒரு நாவலாசிரியர், அவருடைய பாத்திரப் படைப்பு, உத்திகள், சமுதாயப் பார்வை, முடிவுரை என்று ஐந்து இயல்களில் முடியும் ஏடுகளை அடுக்கடுக்காகப் பார்த்தேன். ஆசிரியரின் பெயரை மாற்றினால் இயல்கள் அப்படியே பொருந்திவிடும். இதை மாணவர்களின் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெறியாளர்கள் இந்த வார்ப்பைத் தாண்ட அவர்களை ஊக்கவில்லை.

அந்த ஏடுகளிலும் நான் கடைசிப் பக்கங்களுக்கே போனேன். சிறுகதை ஆசிரியர் ஒருவரைப் பற்றிய ஏட்டின் பின்னிணைப்பில், அவர் சிற்றிதழ்களில் எழுதிய கதைகளின் முழுப் பட்டியலும் இதழ், மாதம், பக்க எண்ணோடு இருக்கிறது. அவற்றில் சில இதழ்களின் படிகள் இன்று எங்கே கிடைக்கும் என்பதே தெரியாது. மாணவர் அந்த எழுத்தாளரை நேரில் கண்டு எடுத்த பேட்டி 14 பக்கங்களுக்கு, வினா விடையாக, அவருடைய பேச்சு நடையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் கதையை எந்த இதழ் திருப்பி அனுப்பியது என்றெல்லாம் அவர் மனம் திறந்து பேசியிருக்கிறார். தொகுப்பாசிரியர்களும் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களும் இங்கே ஏன் வருவதில்லை என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. இங்கே இப்படியொரு பேட்டி இருக்கிறது என்று அட்டவணை சொல்லாததால் வருவதில்லை என்பதே விடையாக இருக்கும்.

கல்லூரி ஆண்டு மலர்களின் தொகுதிகள் இந்தப் பிரிவின் எதிர்பாராத செல்வம். 1950களிலிருந்து தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பெரும்பாலான ஆண்டுகள் இருக்கின்றன. 1964–65ஆம் ஆண்டு மலர் ஒன்றை நெடுநேரம் படித்தேன். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது, 1965 சனவரி 27 அன்று அண்ணாமலை நகரில் மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மாநிலம் முழுவதும் கல்லூரிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டின் மலரில், முதல்வரின் ஆண்டறிக்கை அதைப் பற்றி ‘எதிர்பாராத காரணங்களால் வேலை நாட்கள் குறைந்தன’ என்ற ஒரு வரியோடு கடந்துவிடுகிறது. ஆனால் மாணவர் பகுதியில், புகுமுக வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய ‘என் பேனா’ என்ற கட்டுரை இருக்கிறது. பேனாவைப் பற்றித்தான் எழுதுகிறார். விடுதி மூடப்பட்டு, ஊருக்கு நடந்தே போன இரண்டு நாள் பயணத்தில் பேனாவைத் தொலைத்த கதை அது. வழியில் எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள், எந்தப் பாலத்தில் காவலர்கள் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் வந்துவிடுகிறது. ஆசிரியர் குழு அதை நிறுத்தாமல் விட்டது தெரிந்தே செய்ததா என்று எனக்கு இன்னும் யோசனையாக இருக்கிறது. அந்த ஆண்டைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றாளருக்கும் இந்த நான்கு பக்கம் தேவைப்படும்.

மலர்களின் விளம்பரப் பக்கங்களையும் சொல்ல வேண்டும். அரிசி ஆலை, பேருந்துக் கம்பெனி, அச்சகம், ஜவுளிக் கடை, சோடாக் கம்பெனி என அந்த நகரத்தின் வணிக வரலாறே அவற்றில் ஆண்டு வாரியாக இருக்கிறது. எந்த ஆண்டில் எந்தக் கடை காணாமல் போனது என்றுகூடப் பின்தொடரலாம். ஆனால் சில தொகுதிகளில் தொகுதியைக் கட்டியவர் விளம்பரப் பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டார். தடிமனைக் குறைக்க நூலகங்களில் வழக்கமாகச் செய்வதுதான் இது. ஆய்வேட்டுக்குப் பின்னிணைப்பு எப்படியோ அப்படியே மலருக்கு இந்தப் பக்கங்கள். இரண்டு இடத்திலும் தேவையற்றது என்று ஒதுக்கியதே பிறகு தேவைப்படுவதாக இருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்காக 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய ஆவணத் திட்டம், பாடசாலை மலரையும் கோயில் சிறப்பு மலரையும் நினைவு மலரையும் நூல்களுக்கு நிகராக அட்டவணைப்படுத்தி ஏற்றி வருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் தீக்கு இழந்த சமூகம், எந்தத் தாளும் சிறியதல்ல என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் அவர்களுடைய அட்டவணை முறையைப் பார்த்துப் பயன்பெறலாம்.

நன்கொடை நூல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேராசிரியர்களின் பெயர் தாங்கிய நான்கு அலமாரிகள். நூல்கள் நல்லவை, பெரும்பாலும் வேறு இடத்திலும் கிடைப்பவை. சிலவற்றின் ஓரங்களில் பாடவேறுபாடுகளைப் பென்சிலால் குறித்திருக்கிறார்கள். பதிப்பாசிரியர்கள் பார்க்க வேண்டியவை அவை. மற்றபடி அலமாரிகள் பூட்டியே இருக்கின்றன, சாவி பிற்பகலில்தான் வருகிறது.

அறையின் வசதிகள் போதுமானவை. நீண்ட மேசைகள், நல்ல வெளிச்சம், அமைதி. மின்விசிறிகள் வேகமாகச் சுழல்வதால் மெழுகுத்தாள் வரைபடங்களை விரிக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய ஏடுகளின் முதுகில் பூச்சி அரிப்பு தொடங்கியிருக்கிறது; தட்டச்சுத் தாள்கள் ஓரம் பழுத்து உதிர்கின்றன. நகல் எடுப்பதற்கு ஓர் ஏட்டில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே அனுமதி, பக்கத்துக்கு 2 ரூபாய். 114 பக்க ஏட்டில் எனக்கு 11 பக்கங்களே கிடைத்தன. அவற்றை எந்தப் பக்கங்களுக்குப் பயன்படுத்துவது என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை: தகவலாளர் பட்டியல், பாட்டு, அளவுகளைப் பற்றிய அடிக்குறிப்பு.

வரைபடம் நகல் பொறியில் அடங்காது என்று முதலில் மறுத்தார்கள். ஏட்டின் எண், மாணவர் பெயர், பயன்படுத்தும் நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். ஆறாம் நாள் மாலைதான், கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள அவர் இசைந்தார். அந்த உதவியாளர் அம்மையாரே மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடிப்பு கிழியாமல் இரண்டு கைகளாலும் தாளைப் பிடித்துக்கொண்டார். இனிச் செல்பவர்கள் இந்தக் கடிதத்தை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஒப்புதல் வர நான்கு வேலை நாட்கள் ஆகின்றன. தேடுகிற ஊரின் பெயரோடு துறையையும் ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் குறித்துக்கொண்டு போக வேண்டும். ஏடு கைக்கு வந்ததும் கடைசி அட்டையின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. சில ஏடுகளில் வரைபடம் தனி உறையில் ஒட்டியிருக்கிறது, கேட்காமல் யாரும் அதைத் திறப்பதில்லை.